களி கிண்டும் பொம்மை

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் வயதுக்காரிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆறாவது படித்தவர்களும் படிக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் நான் கோபப்படும் இடம் வரும்போது, "இதற்கெல்லாமா இந்த வயதில் கோபம்?" என்று அவர்கள் கேட்பார்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

எனக்கு அறுபத்து மூன்று வயது. சர்க்கரை இருக்கிறது, இடது முழங்கால் மடங்காது, நாக்கு மட்டும் பழுதில்லாமல் வேலை செய்கிறது. நம் பள்ளியில் படித்தவர்கள் எங்காவது கல்யாணத்தில் பார்த்துக்கொண்டால் இன்றைக்கும் என்னை "அவசரக்குடுக்கை" என்றுதான் கூப்பிடுகிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பேன். அந்தப் பட்டம் எனக்கு ஏன் வந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் போன வாரம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அரூரில் இருக்கிறேன். எண்பது தாண்டிய அம்மா என்னோடு இருக்கிறாள். மாடியில் குடியிருக்கும் பெண் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டதும் அவள் அம்மா வரும்வரை எங்கள் வீட்டில்தான் இருப்பாள். போன வாரம் அந்தப் பாப்பாவைப் பள்ளியில் களிமண்ணில் ஒரு விலங்கு செய்து கொண்டுவரச் சொன்னார்கள். அதில்தான் எல்லாம் கிளம்பியது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நம் ஏரிக்குப் போவோம்.

அந்த வருஷம் நம் பள்ளிக்கு ஒரு டீச்சர் வந்தார், நினைவிருக்கிறதா? அரூரிலிருந்து காலைப் பேருந்தில் வந்து மாலைப் பேருந்தில் போவார். பக்கத்தில் வந்தால் பவுடர் வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து அடிக்கும். அவர் வருவதற்கு முன்னால் கைத்தொழில் பாடம் என்றால் பெரிய வாத்தியார் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பது. நாமும் அதுதான் கைத்தொழில் என்று நம்பிச் சுமந்தோம். புது டீச்சர் முதல் வாரமே அதை நிறுத்திவிட்டார். "நம்ம கிட்ட காசில்லாம கெடைக்கறது மண்ணு ஒண்ணுதான். அதுலயே செய்வோம்" என்றார்.

மாசி முடிவதற்குள் ஏரி வற்றிவிட்டிருந்தது. மேலே காய்ந்து வெடித்த ஓடு. அதைப் பெயர்த்தால் அடியில் கறுப்பாக, வெண்ணெய் மாதிரி மண். உடைந்த அரிவாள், பழைய கரண்டி, தேங்காய்த் தொட்டி என்று ஆளுக்கொன்று எடுத்துப் போய்த் தோண்டினோம். நத்தை ஓடும் அழுகிய அல்லித் தண்டும் நாறும். தலையில் சுமந்து வருவதற்குள் சகதி கழுத்து வழியாக முதுகில் இறங்கி, காய்ந்ததும் சொரசொரவென்று இழுக்கும். அந்த இழுப்பு எனக்குப் பிடிக்கும். வீட்டுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் சாயங்காலம் வரை அப்படியே வைத்திருப்பேன்.

மண்ணை ஊறவைத்து, மிதித்து, விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்க வேண்டும். பிறகு உருண்டை. உருண்டை ஒழுங்காக வந்தவர்களுக்குத்தான் பாம்பு. பாம்பு ஒழுங்காக வந்தால் அதைச் சுற்றி அடுக்கிக் கிண்ணம். அதற்கப்புறம் கட்டைவிரலை அழுத்தி அகல்விளக்கு. டீச்சரிடம் குறுக்கு வழி கிடையாது. நம்மில் ஒருத்தன் பாம்பிலேயே மூன்று வாரம் நின்றான். இப்போது அவன் பெரிய கான்டிராக்டர், பெயரைச் சொல்ல மாட்டேன்.

விளக்கு முடிந்ததும் அவரவர் இஷ்டம் என்றார். கடலைக்காட்டுப் பையன் நிஜக் கடலைக்காயை ஈர மண்ணில் அழுத்தி, அதன் வலைக் கோடு அப்படியே விழும்படி கடலைக்காய் செய்தான். அதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை, ஒரு முறம் நிறையச் செய்தான். இன்னொருத்தி அரூர் பேருந்தைச் செய்தாள். படியில் தொங்கும் கண்டக்டர் கூட உண்டு. பெரிய வாத்தியார் மகன் செய்த மாம்பழம் கத்தரிக்காயாக வந்தது. அதற்கு மூக்கு வைத்துக் கிளி என்றான்.

நான் களி கிண்டும் பெண்ணைச் செய்தேன்.

நம் பக்கத்துக் களி உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். கேழ்வரகு மாவு கொதித்து இறுகும்போது பானை நம்மோடு சேர்ந்து சுற்றும். அதனால் பானையை இறக்கித் தரையில் வைத்து, கவட்டைக் கட்டை ஒன்றை அதன் கழுத்துக்குக் குறுக்கே கொடுத்து, கட்டையின் இரண்டு முனையையும் இரண்டு காலால் மிதித்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டுவார்கள். உடம்பு முழுக்க வேலை செய்யும். என் அம்மா தினம் இரண்டு வேளை அப்படித்தான் நிற்பாள். நான் எதிரில் உட்கார்ந்து தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்று தடவை தலை விழுந்தது. கடைசியில் துடைப்பத்திலிருந்து ஒரு சீமார் குச்சியை உருவிக் கழுத்துக்குள் சொருகி நிற்கவைத்தேன். முந்தானையைச் செருகிய இடத்தில் மண்ணைக் கிள்ளி மடிப்பு வைத்தேன். மூக்குத்திக்கு ஒரு கேழ்வரகு. சுடும்போது அது எரிந்துபோகும், ஆனால் அந்தக் குழி நிற்கும் என்று டீச்சர் சொன்னார். பொம்மையைக் கையில் எடுத்து இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"யாருடி இது?"

"எங்கம்மாங்க டீச்சர்."

முதலில் சிரித்தார். பிறகு பொம்மையின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "முதுக எப்பிடிடி கவனிச்ச?" என்று கேட்டார். குனிந்தால் அம்மாவின் தோள்பட்டை எலும்பு இரண்டும் புடைத்துக்கொண்டு நிற்கும். அதை யாராவது கவனிக்காமல் இருக்க முடியுமா என்றுதான் நினைத்தேன்.

சித்திரையில் அரூரில் கண்காட்சி, சுற்றுப்பட்டுப் பள்ளியெல்லாம் வரும், பரிசு உண்டு, நம் பள்ளியிலிருந்து மூன்று பொம்மை போகும் என்றார் டீச்சர். கடலைக்காய் முறம், பேருந்து, என் பொம்மை. சுட்ட பொம்மையை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். பத்து நாள் நிழலில் காயவேண்டும். பதினோராம் நாள் பள்ளி முற்றத்தில் வறட்டி அடுக்கி டீச்சரே எல்லாவற்றையும் ஒன்றாகச் சுடுவார். அதுவரை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நம் பள்ளிக்குக் கதவு கிடையாது, ஆடு புகுந்து மிதித்துவிடும். "ஈரத்தோட நெருப்புகிட்ட காட்டுனீங்க, அவ்வளவுதான். படார்னு போயிரும்" என்று அவர் சொன்னதை நாம் எல்லோரும் சேர்ந்து மூன்று தடவை திருப்பிச் சொன்னோம்.

அன்று சாயங்காலம் டீச்சர் பேருந்துக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு டீச்சர் நம் தெருவுக்குள் வந்ததே பெரிய அதிசயம். அப்பா கிணறு வெட்டுகிறவர். ஊர் ஊராகப் போய் இரண்டு மாதம் மூன்று மாதம் தங்கிவிடுவார், அன்றைக்கு வீட்டில் இருந்தார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"உங்க பொண்ண ஆறாவதுக்கு அனுப்புங்க. அரூர்ல பொண்ணுங்களுக்கு ஆஸ்டல் இருக்குதுங்க. சீட்டுக்கு நானே பேசறன்" என்றார் டீச்சர்.

"பொட்டப் புள்ளைய அவ்வளவு தூரம் எப்பிடிங்க வுடறது?" என்றார் அப்பா.

"பக்கத்துல நான் இருக்கறனுங்க."

அப்பாவுக்கு மறுக்கவும் மனசில்லை, சம்மதிக்கவும் தைரியமில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அவர் பொறுப்பை எதன் தலையிலாவது கட்டிவிடுவார். கிணற்றில் தண்ணீர் வருமா என்று பார்க்கவே தேங்காயை உள்ளங்கையில் வைத்து அது நிமிர்கிறதா என்று பார்க்கிற மனிதர். கொஞ்ச நேரம் தாடையைச் சொரிந்துவிட்டுச் சொன்னார்: "சரிங்க டீச்சர். இந்தப் பொம்மை பரிசு வாங்கட்டும். வாங்கிட்டா அனுப்பறன். இது என் வாக்குங்க."

ஒரு பெண்ணின் படிப்பை ஒரு சாண் பொம்மையின் தலையில் வைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு ஆகாயத்தில் பறப்பது போல இருந்தது. டீச்சரும் சிரித்தார், ஏனென்றால் பரிசு நிச்சயம் என்று அவருக்குத் தெரியும். அம்மா உள்ளே போய் டீச்சருக்கு மோர் கொண்டுவந்தாள்.

மறுநாள் காலையில் களி உருண்டையைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஆஸ்டலுக்குப் போனா வாரவாரம் வூட்டுக்கு வருவியா?"

"மாசம் ஒருக்கா வுடுவாங்களாம்மா."

"மாசம் ஒருக்கா" என்று அவளும் சொன்னாள். பிறகு பரணுக்குக் கீழே நிழலில் இருந்த பொம்மையைப் பார்த்து, "ஏண்டி, எம் மூக்கு இத்தாம் பெருசா இருக்குது?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாக நினைவிருக்கிறது. அது நல்ல சிரிப்புதான்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் அம்மா அடுப்பு போடுவதில் பேர்போனவள். நம் தெருவில் பாதி வீட்டு மண்ணடுப்பு அவள் கை போட்டதுதான், உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். பொங்கலுக்கு முன்னால் அவளைக் கூப்பிட ஆள் வந்துகொண்டே இருக்கும். மண்ணோடு வைக்கோலைப் பொடித்துப் போட்டுப் பிசைந்து, மூன்று குமிழ் வைத்து, சாணி மெழுகி நிறுத்துவாள். எழுந்து வரும்போது அந்த வீட்டுப் பெண்களிடம் ஒரே பேச்சுதான்: "நான் சொல்றவரைக்கும் பத்த வெக்கக் கூடாது." விரிசல் விட்டால் தடவிக்கொடுத்து, பத்துப் பன்னிரண்டு நாள் ஆன பிறகு அவளே போய் முதலில் நாலு சருகைப் போட்டு லேசாகச் சூடு காட்டிவிட்டு வருவாள். அந்தப் பெருமையில் நானும் பின்னாலேயே போவேன். இதையெல்லாம் என் கண்ணால் பார்த்தேன் என்பதை மறக்காதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

பொம்மை காய ஆரம்பித்து ஐந்தாம் நாள், சனிக்கிழமை. "இன்னிக்கி ஆட்ட நீ ஓட்டிக்கிட்டு போ கண்ணு, தம்பி நல்லா தூங்கறான்" என்றாள் அம்மா. சனிக்கிழமையில் ஆட்டை அவள்தான் ஓட்டிப் போவாள், தம்பி என்னிடம் இருப்பான். எனக்கு வெளியே போகக் கிடைத்ததே சந்தோஷம். ஏரிக்கரையில் ஆட்டை விட்டுவிட்டு, ஆஸ்டலில் என் பெட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெட்டியே என்னிடம் கிடையாது.

உச்சி வேளைக்குத் திரும்பி வந்தேன். தெருமுனையிலேயே தம்பி வீறிட்டு அழுவது கேட்டது. உள்ளே அடுப்படி முழுக்கச் சாம்பல். அம்மா அடுப்புக்கு எதிரில் காலை நீட்டி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் வலது முழங்கைக்குக் கீழே தோல் வழன்று சிவந்திருந்தது.

"கண்ணு, மானம் மூடிக்கிட்டு வந்துச்சுடி. மழ வந்தா காயாம போயிருமேன்னு அடுப்புல வெச்சன்டி. படார்னு வெடிச்சிருச்சே. எனக்கு என்னாடி தெரியும்? எனக்கு என்னாடி தெரியும்?"

நான் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வானத்தில் மேகம் இருந்ததா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. வெயிலில் வந்தவள் நான், என் தலை சுட்டுக்கொண்டிருந்தது, அதுகூட எனக்கு உறைக்கவில்லை. விளக்கெண்ணெய் எடுத்து வந்து அவள் கையில் தடவினேன். "பரவால்லம்மா. வேற செஞ்சுக்கறன். நீ அழுவாதம்மா" என்று சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அழுதாள். பத்து வயதில் ஒரு பெரிய மனுஷியைத் தேற்றினேன், தோழிகளே. எனக்கு அழுகை வந்தபோது, நான் அழுதால் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருக்குமே என்று அடக்கிக்கொண்டேன்.

சாம்பலைக் கிளறிப் பொறுக்கினேன். பானையும் கவட்டைக் கட்டையும் அதை மிதித்த இரண்டு பாதமும் முழுசாக இருந்தன. மெல்லிசாக இருந்ததால் அவை முன்பே காய்ந்திருக்கின்றன. தடியாக இருந்த உடம்பில்தான் ஈரம் இருந்தது, அதுதான் பொடிப்பொடியாகப் போயிருந்தது. அந்த முதுகில் விரல் அகலத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் கேட்டபோது நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். நான் பாவாடையில் முடிந்து வந்ததை மேசையில் கொட்டினேன். டீச்சர் அந்தப் பொம்மைப் பாதம் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"யாரு நெருப்புல வெச்சது?"

அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்றும் தெரியாத என் அம்மாவை, கை வெந்துபோன என் அம்மாவை, ஊரார் எதிரில் எப்படிக் காட்டிக்கொடுப்பேன்?

"நான்தாங்க டீச்சர்."

"எத்தினி தடவ சொன்னன்? மூணு தடவ உன் வாயாலயே சொல்ல வெச்சனே. அப்பிடி என்ன அவசரம்?"

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அந்தத் துண்டுகளை ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு அவர் வரவே இல்லை. அன்றைக்கு மத்தியானம் உங்களில் யாரோ ஒருத்தி அவசரக்குடுக்கை என்றாள். அவ்வளவுதான், எனக்குப் பெயர் வைத்தாயிற்று.

என் இடத்தில் பெரிய வாத்தியார் மகனின் கிளி அரூருக்குப் போனது. அது பரிசு வாங்கவில்லை என்று கேட்டு அற்ப சந்தோஷம் பட்டேன், ஒளிக்க மாட்டேன். நீங்கள் பேருந்தில் போய்வந்து, ஆளுக்கொரு பன் வாங்கிக்கொடுத்தார்கள் என்று ஒரு வாரம் அதையே பேசினீர்கள். அப்பா வாக்குத் தவறாதவர். பொம்மையும் இல்லை, பரிசும் இல்லை, ஆறாவதும் இல்லை. "அவ தலையெழுத்து அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கடத்தூர்ப் பக்கம் கிணறு வெட்டப் போய்விட்டார்.

அப்புறம் நான் தம்பியைத் தூக்கினேன், ஆடு மேய்த்தேன், களி கிண்டினேன். அம்மாவின் முதுகைச் செய்தவள், கொஞ்ச நாளில் அதே முதுகை வாங்கிக்கொண்டேன். கல்யாணம் ஆகி, மூன்று பெற்று, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, இந்த ஊருக்கு வந்தேன். படிக்கும் ஆசை மட்டும் போகவில்லை. பொட்டலம் மடித்த காகிதத்திலிருந்து நூலகப் புத்தகம் வரை கிடைத்ததைப் படித்துத்தான் இப்படி எழுதுகிற அளவுக்கு வந்தேன். நான் தூக்கி வளர்த்த தம்பி ஓசூரில் பெரிய வேலையில் இருந்து போன வருஷம் விருப்ப ஓய்வு பெற்றுவிட்டான். அவன் வீட்டில் மாடிப்படி அதிகம் என்பதால் அம்மா என்னோடு இருக்கிறாள். அந்தப் பாதங்கள் இரண்டும் வெகுநாள் என் அஞ்சறைப்பெட்டியின் அடியில் கிடந்தன. எந்த வீடு மாறும்போது தொலைந்தன என்று தெரியவில்லை.

இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அம்மாவைக் குறை நினைத்ததில்லை. என்னை நினைத்திருக்கிறேன். எதைத் தொட்டாலும் என் கை ராசியில்லாதது என்று. தினமும் காலையில் அவளைக் குளிப்பாட்டும்போது முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு வரும். புளியங்கொட்டை அளவு, வழுவழுப்பாக இருக்கும். எனக்காகப் பட்ட காயம் என்று அந்த இடத்தில் மட்டும் சோப்பை மெதுவாகப் போடுவேன்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். பிள்ளையார் சதுர்த்தி சமயம். கடைவீதியில் அச்சில் பிள்ளையார் பிடித்து விற்பவரிடம் ஒரு உருண்டை மண் வாங்கி வந்தேன். நானும் பாப்பாவும் கூடத்தில் பழைய செய்தித்தாளைப் போட்டு உட்கார்ந்தோம். அம்மா கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஆனால் மண்ணைத் தொட்டதும் என் விரல் தானாகக் கல் தேடியது. உருண்டை, பாம்பு என்று நான் டீச்சர் மாதிரியே ஆரம்பிக்க, பாப்பா அதெல்லாம் வேண்டாம் என்று நேராக ஆமை செய்துவிட்டாள். நல்ல ஆமை. முதுகில் தீக்குச்சியால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டாள்.

பள்ளிக்குக் கொண்டுபோக இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருந்தது. ஆனால் பாப்பாவுக்கு அப்போதே வண்ணம் அடிக்கவேண்டும்.

"பாட்டி, கேஸ் அடுப்புல கொஞ்சம் காட்டுனா சீக்கிரம் காய்ஞ்சிடுமில்ல?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"ஏ பாப்பா, ஈரத்தோட நெருப்புல காட்டாத. வெடிச்சிரும். மேல காஞ்ச மாதிரி தெரியும், வயித்துக்குள்ள தண்ணி இருக்கும். அது வெளிய வரதுக்கு வழி வேணுமில்ல? பத்து நாளு நெழல்ல கெடக்கட்டும்."

காது சரியாகக் கேட்காதவள், தண்ணீர் வேண்டும் என்று சொல்லவே யோசிக்கிறவள், தெளிவாக, ஒரு வார்த்தை தடுமாறாமல் சொன்னாள். நான் கையில் இருந்த மண்ணைக் கீழே வைத்தேன்.

"ஏம்மா, இது உனக்கு எப்பத்துலருந்து தெரியும்?"

"என்னாடி கேக்கற நீ? அடுப்பு போடறவளுக்கு இது தெரியாதா? எட்டு வயசுல எங்கம்மாகூடப் போயி அடுப்பு போட்டவ நானு."

பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய இடது கை மெதுவாக நகர்ந்து போய் வலது கைத் தழும்பை மூடிக்கொண்டது. அந்தக் கை அப்படிப் போயிருக்காவிட்டால் நான் இன்னொரு தடவையும் ஏமாந்திருப்பேன்.

"எனக்கு என்னாடி தெரியும்னு சொன்னியேம்மா அன்னிக்கி."

"அதுக்கு இப்ப என்னா? அம்பது வருசம் ஆவுது."

"சொன்னியா இல்லியா?"

அம்மா சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்கப்பன் கெணறு வெட்டப் போனா எப்ப வருவாருன்னு தெரியாது. கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு நான் ஒருத்தி. பேச்சுத் துணைக்கி நீதான் இருந்த. நீயும் மாசம் ஒருக்கா வந்தா எனக்கு யாருடி இருக்கறா?"

"போவாதன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னாலும் போயிருப்ப."

தழும்பைத் தடவிக்கொண்டே, "அழுதது பொய்யில்ல கண்ணு" என்றாள். "என்னியவே செஞ்சிருந்தியே. அடுப்புல வெக்கறப்ப அது மொகத்தப் பாக்காமதான் வெச்சன்."

அவள் சொல்வதை நம்புகிறேன். தனியாக இருந்தாள், பயந்தாள், அதுவும் புரிகிறது. எனக்கும் மூன்று பிள்ளைகளைத் தனியாக வைத்துக்கொண்டு பயந்த காலம் உண்டு. ஆறாவது போனது கூட எனக்கு ஆறிப்போன புண்தான். ஆனால் என்னைத் தேற்ற வைத்தாளே, அதுதான் ஆறவில்லை. என் கையால் எண்ணெய் தடவ வைத்தாள். டீச்சரிடம் நான் பழியை ஏற்றுக்கொண்டு வந்து சொன்னபோது, "எங் கண்ணு" என்று என் தலையைத் தடவினாள். அரூரில் உங்கள் முன்னாலேயே இரண்டு கல்யாணத்தில் யாரோ அவசரக்குடுக்கை என்று கூப்பிட, பக்கத்தில் உட்கார்ந்து அவளும் சிரித்தாள். என் வாழ்க்கையில் நான் யாரை அதிகமாக நம்பினேனோ அவளே என்னை ஏமாற்றினாள், அதுவும் பத்து வயதில். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, வலிக்கிறது.

மறுநாள் காலையிலும் அவளைக் குளிப்பாட்டினேன். தழும்பு வந்தபோது என் கை நின்றுவிட்டது. பிறகு மற்ற இடத்துக்குப் போடுவதுபோல அங்கேயும் சோப்புப் போட்டேன். இப்போதும் அவளுக்குச் சுடுசோறு கரைத்துக் கொடுக்கிறேன், மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறேன், எதிலும் குறை வைக்கவில்லை. குறை வைக்க எனக்குத் தெரியவும் தெரியாது.

ஆமை செய்த அன்று சாயங்காலம் நடந்ததை விட்டுவிட்டேன். பாப்பாவின் அம்மா வந்து மாடியிலிருந்து கூப்பிட்டாள். பாப்பா ஆமையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். கட்டிலில் இருந்த அம்மா கையை நீட்டினாள். "இங்க குடு பாப்பா, நா பாத்துக்கறன்" என்றாள்.

நான் எழுந்து, ஆமையைப் பாப்பாவின் கையிலிருந்து வாங்கினேன். மடங்காத காலோடு நாற்காலி போட்டு ஏறி, அலமாரிக்கு மேலே, சுவர் ஓரமாக வைத்தேன். அம்மா எழுந்து நின்று மூன்று வருஷம் ஆகிறது. அவளால் கட்டிலை விட்டு இறங்கவே முடியாது, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்று ஆறாம் நாள். காலையில் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன், விரிசல் இல்லை. இறங்கப் போகும்போது அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டு இறங்கினேன்.